பார்பரா கார்டன் எழுந்து நடந்தப்போ கைதட்டாதவங்க

"எழுத்தாளர் மாறினா காமிக்ஸ் ரசிகர்கள் கத்தத்தான் செய்வாங்க, அவங்களுக்கு எதுவும் பிடிக்காது." சூப்பர்ஹீரோயின் கதைகளைப் பத்தி எங்க பேச்சு வந்தாலும் யாராவது இதைச் சொல்லிடறாங்க. பேட்கேர்ள் விஷயத்துல இது சுத்த சோம்பேறித்தனம். ஏன்னு சொல்றேன். நீளமான த்ரெட், நைட் டியூட்டி முடிச்சுட்டு எழுதறேன், பொறுத்துக்குங்க.

கதை தெரியாதவங்களுக்கு: பேட்கேர்ள்னா பார்பரா கார்டன், போலீஸ் கமிஷனரோட மகள். டிசி காமிக்ஸ்ல 1967-ல வந்தவ. 1988-ல ஆலன் மூர் எழுதின "தி கில்லிங் ஜோக்"ல, கதவைத் திறந்தவளை ஜோக்கர் சுடறான். குண்டு முதுகெலும்புல. இடுப்புக்குக் கீழ செயலிழப்பு. அப்பா உடைஞ்சு போவாரா மாட்டாராங்கிறதுதான் அந்தக் கதையோட கவலை. சுடப்பட்டவ ஓரமா கிடக்கறா.

அவளை அப்படியே விட மனசு வராம கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர்னு ஒரு எழுத்தாளர் தம்பதி 1989-ல அவளை "ஆரக்கிள்" ஆக்கினாங்க. வீல்சேர்ல உட்கார்ந்து, கம்ப்யூட்டர் வழியா மத்த ஹீரோக்களுக்கெல்லாம் தகவல் கொடுக்கிற மூளை. பேட்மேனே அவகிட்ட கேட்டுத்தான் பல வேலை பண்ணுவார். 2003-லேர்ந்து "பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே" தொடர்ல அவளை ரொம்ப நல்லா எழுதினது கெயில் சிமோன்.

2011-ல டிசி மொத்தக் கதைகளையும் முதல் இதழ்லேர்ந்து மறுபடி ஆரம்பிச்சது. பார்பரா எழுந்து நடந்துட்டா, திரும்ப பேட்கேர்ள். வீல்சேர் காலம் வெறும் மூணு வருஷம்னு சுருங்கிடுச்சு. எழுதினது யாரு? அதே சிமோன்.

பெரும்பாலானவங்க கைதட்டினாங்க. வீல்சேர்ல இருந்த வாசகர்கள் பலர் தட்டல. "கால் வந்தா சந்தோஷப்படணும்ல, இதுக்குமா கோபம்?"னு அவங்ககிட்டயே கேட்டாங்க.

இங்கதான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுது. நான் நியூரோ சர்ஜன் இல்ல, எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு அரசு ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவன். தண்டுவடம் முழுசா அறுந்து வர்ற கேஸ் எங்களுக்குப் புதுசில்ல. மரத்துலேர்ந்து விழுந்தவர், பைக்ல போனவர், சாரத்துலேர்ந்து விழுந்தவர். சொந்தக்காரங்க கேக்கற முதல் கேள்வி ஒண்ணுதான்: "எப்ப நடப்பார் டாக்டர்?"

நடக்க வாய்ப்பில்லன்னு சொன்ன அடுத்த நிமிஷம் அவங்க முகத்துல அந்த ஆள் பாதி செத்துட்டார். அப்புறம் நாங்க சொல்ற எதுவும் காதுல ஏறாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லன்னா படுக்கைப்புண் வரும். நேரத்துக்கு ட்யூப் போட்டு சிறுநீரை வெளியேத்தணும், இல்லன்னா கிட்னி போயிடும். வீட்டு வாசப்படிக்கு சரிவு போடணும். உட்கார்ந்தபடி என்ன வேலை பாக்க முடியும்னு யோசிக்கணும். எதுக்கும் பதில் வராது. "கேரளாவுல ஒரு எண்ணெய் இருக்காமே?"

நடந்தாதான் வாழ்க்கைங்கிற இந்த ஒரே நினைப்பு ஆளைக் கொல்லும். மிகையா சொல்லல. புண்ணைப் பாக்க வேண்டிய மாசங்கள் எண்ணெய்க்குப் போயிடும், கடைசியில செப்சிஸ்ல கொண்டு வருவாங்க.

இந்த நினைப்புக்கு எதிரா 22 வருஷம் ஒரு காமிக்ஸ் பாத்திரம் உட்கார்ந்திருந்தது. குணமாகல, அழுதுட்டே இருக்கல, வேலை பாத்தா, காதலிச்சா, கோபப்பட்டா. அந்த மாதிரி பாத்திரங்களை விரல் விட்டு எண்ணலாம். எக்ஸ்-மென் சேவியரையே எத்தனை தடவை எழுப்பி நடக்க விட்டிருக்காங்க!

எதிர்த்தரப்போட நல்ல வாதம் ஒண்ணு இருக்கு, அதை மறைக்க விரும்பல. 1993-ல பேன் பேட்மேனோட முதுகை உடைச்சான். அடுத்த வருஷமே அவர் எழுந்துட்டார். ஆம்பளைக்கு ஒரு வருஷம், பொம்பளைக்கு ஆயுள் தண்டனையா? நியாயமான கேள்விதான். ஆனா அதை 1990-ல கேட்டிருக்கணும். 2011-ல அவ வேற ஆளா வளர்ந்துட்டா. அப்பக் கொடுத்த "நியாயம்" அந்த வேற ஆளைத்தான் அழிச்சது.

சிமோனை வில்லி ஆக்கறதும் எனக்கு உடன்பாடில்ல. முதல் இதழோட முடிவுல வில்லன் ஆஸ்பத்திரியில துப்பாக்கியை பார்பராவோட வயித்துக்குக் குறி வைக்கறான். அவ உறைஞ்சு நின்னுடறா. அந்த உறைதலால கண்ணெதிர்லயே ஒரு நோயாளி சாகறான். கால் சரியானாலும் பயம் சரியாகாதுன்னு எழுதத் தெரிஞ்சவங்க அவங்க. முடிவு நிர்வாகத்தோடது, வசவு அவங்களுக்கு.

இப்ப "ரசிகர்கள் கத்தறது வீண்"னு சொல்றவங்களுக்கு வர்றேன். 2012 டிசம்பர்ல சிமோனை ஈமெயில்ல வேலையை விட்டுத் தூக்கினாங்க. ரசிகர்கள் கத்தினாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள திரும்ப எடுத்தாங்க.

2014-ல 35-ஆவது இதழ்லேர்ந்து புது எழுத்தாளர்கள், கேமரன் ஸ்டூவர்ட், பிரெண்டன் ஃப்ளெட்சர். ஓவியம் பாப்ஸ் டார். மஞ்சள் பூட்ஸ், லெதர் ஜாக்கெட், செல்ஃபி. பூட்ஸைப் பத்தி நடந்த சண்டைக்கு ஒரு வரி போதும்: பூட்ஸ் நல்லாத்தான் இருந்துச்சு. 37-ஆவது இதழ் வில்லனைக் காட்டின விதம் திருநர்களைக் கேவலப்படுத்துதுன்னு எதிர்ப்பு வந்தது. எழுத்தாளர்கள் மன்னிப்பு கேட்டாங்க, தொகுப்பு புத்தகத்துல அந்தப் பகுதியை மாத்தினாங்க. சரியான காரியம்.

2015 மார்ச்சுல 41-ஆவது இதழுக்கு ஒரு கூடுதல் அட்டைப்படம். ஜோக்கர் துப்பாக்கியோட பார்பரா தோள்ல கை போட்டிருக்கான், அவ கண்ணீரோட நிக்கறா. எதிர்ப்பு வந்ததும் வரைஞ்சவரே வேண்டாம்னு கேட்டு, டிசி அதைக் கைவிட்டது.

ஆக எழுத்தாளர் திரும்பி வந்தார், வசனம் மாறிச்சு, அட்டை போச்சு. கத்தினா நடக்குது. வீல்சேர் வாசகர்கள் கேட்டது மட்டும் நடக்கல. அந்த நாலு வருஷமும் பார்பரா கூரைக்குக் கூரை தாவிட்டுத்தான் இருந்தா.

கமெண்ட்ல "வெறும் பொம்மைக் கதைக்கு எதுக்கு டாக்டர் இவ்ளோ டென்ஷன்"னு வரும், தெரியும். ஒரு அட்டைப்படம் போனதுக்கு "கருத்துச் சுதந்திரம் செத்துடுச்சு"ன்னு குதிச்சவங்ககிட்ட அதை முதல்ல கேளுங்க, அப்புறம் எங்கிட்ட வாங்க. எனக்கு ரெண்டு மணிக்கு மறுபடி டியூட்டி.