யார் சொல்லைக் கேட்பது?

தொழிற்சாலையொன்றினுள் நுழைபவர் கண்ணில் முதலிற் படுவன சுழலும் சக்கரங்களும் ஓடும் பட்டிகளும் இரையும் மோட்டார்களுமே. அவற்றையெல்லாம் ஓட்டியும் நிறுத்தியும் ஆள்கின்ற பொருளோ பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை. சுவரோரத்து இரும்புப் பேழையினுள், பாடப்புத்தகம் ஒன்றின் அளவேயான சிறு பெட்டியாக அது அடங்கிக் கிடக்கும். செய்நிரற் கட்டுப்படுத்தி என்று அதனைத் தமிழில் அழைக்கலாம், தொழிலறிந்தோர் ‘பீ.எல்.சீ.’ என்றே சுருக்கமாகக் கூறுவர். இவ்வாரம் அப்பெட்டியைப் பற்றியும், ஒரு பெட்டியை மற்றொரு பெட்டியுடன் பேசவைக்கும் கலையைப் பற்றியும் சிறிது சிந்திப்போம். இது பொறியியலாளர்க்கு மட்டும் உரிய விடயம் என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. குழாயைத் திறந்தவுடன் நீர் வருவது, இன்று எத்தனையோ ஊர்களில் இப்பெட்டிகளின் பேச்சிலேயே தங்கியிருக்கிறது.

முன்னாளில் இவ்வேலையை ‘ரிலே’ எனப்படும் மின்காந்த ஆளிகள் செய்துவந்தன. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் இரும்புத் துண்டு இழுக்கப்படும். ஒரு சுற்று மூடும், அல்லது திறக்கும். மோட்டார் வண்டித் தொழிற்சாலை போன்ற பெரிய இடங்களில் இத்தகைய ஆளிகள் சுவர் சுவராக அடுக்கப்பட்டிருந்தன. வண்டியின் அமைப்பு மாறுந்தோறும் கம்பிகளைக் கழற்றி மீண்டும் பூட்டவேண்டிய தொல்லை ஏற்பட்டது. 1968 இல், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹைட்ராமற்றிக் பிரிவினர், கம்பியை மாற்றாமலே வேலையை மாற்றத்தக்க கருவியொன்றை நாடினர். மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், பெட்போட் அசோசியேற்ஸ் என்னும் சிறு நிறுவனத்தில் டிக் மோர்லி என்பவரும் அவருடைய தோழர்களும் அதே காலத்தில் இதே எண்ணத்தில் உழைத்துக்கொண்டிருந்தனர். அவ்வுழைப்பின் பயனாக 1969 இல் தோன்றியதே ‘மொடிக்கன் 084’ என்னும் கட்டுப்படுத்தி. அந்நிறுவனம் மேற்கொண்ட 84 ஆவது வேலை அது என்பதால் அப்பெயர் வாய்த்தது.

அப்பெட்டிக்குக் கட்டளையிடும் மொழியை அமைத்தவர்கள் செய்த நன்மை ஒன்று உண்டு. தொழிற்சாலை மின்வினைஞர் ஏற்கெனவே படித்துப் பழகிய ரிலேச் சுற்றுப்படத்தையே அவர்கள் மொழியாக்கிவிட்டார்கள். இரு புறமும் நிமிர்ந்த கோடுகள். இடையே ஏணிப்படிகளைப் போலக் கிடைக்கோடுகள். ஆகவே அதற்கு ஏணி மொழி என்று பெயர். ஒவ்வொரு படியும் ஒரு விதியைக் கூறும். ‘தொடங்கு’ பொத்தான் அமுக்கப்பட்டு, ‘நிறுத்து’ பொத்தான் அமுக்கப்படாதிருந்தால் மோட்டார் ஓடுக என்பது ஒரு படி. கையை எடுத்ததும் மோட்டார் நின்றுவிடாதிருக்க, மோட்டார் ஓடுகிறது என்னும் செய்தியையே ‘தொடங்கு’ பொத்தானுக்குப் பக்கத்தில் இணையாகச் சேர்த்துவிடுவர். இதனால் மற்றொரு பயனும் உண்டு. மின்சாரம் நின்று மீண்டும் வந்தால் மோட்டார் தானாக ஓடத் தொடங்காது. ஒருவர் வந்து பொத்தானை அமுக்கவேண்டும். பட்டியைத் திருத்தக் கையை உள்ளே விட்டிருக்கும் தொழிலாளியின் விரல்களை அந்தச் சிறு கோடு காக்கிறது.

பெட்டி செய்யும் வேலை முடிவற்ற ஒரு சுற்று. வெளியேயுள்ள பொத்தான்கள், உணரிகள் ஆகியவற்றின் நிலையை முதலிற் படிக்கும், ஏணியை மேற்படியிலிருந்து கீழ்ப்படிவரை ஒருமுறை பார்க்கும், பின்னர் மோட்டார்களுக்கும் வால்வுகளுக்கும் கட்டளை அனுப்பும், மீண்டும் படிக்கும். இச்சுற்று ஒன்று முடியப் பொதுவாகச் சில மில்லிசெக்கன்களே செல்லும்.

இக்கலையில் வல்லவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்த உண்மை ஒன்றுண்டு. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது மனிதர் வழக்கு. பொறிகளின் உலகில் அவ்வழக்கு உயிராபத்தை விளைக்கும். ‘நிறுத்து’ பொத்தானை எடுத்துக்கொள்வோம். அமுக்கும்போது மின்னோட்டம் பாயுமாறு அதனை அமைத்தால், கம்பி அறுந்திருக்கும் நாளில் எத்தனை முறை அமுக்கினும் பயன் இல்லை. ஆதலின், எப்போதும் மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்க, அமுக்கும்போது அது அறுபடுமாறே அமைப்பர். கம்பி அறுந்தாலும் பொறி நின்றுவிடும்.

அளவுகளை அனுப்பும் முறையிலும் இதே விவேகம் உண்டு. தாங்கியிலுள்ள நீர்மட்டத்தை உணரி மின்னோட்டமாக அனுப்புகையில், வெறுந்தாங்கிக்குப் பூச்சியம் என்று வைப்பதில்லை. வெறுந்தாங்கிக்கு 4 மில்லியம்பியர், நிறைந்த தாங்கிக்கு 20 மில்லியம்பியர், பாதிக்கு 12. பூச்சியம் வந்தால் நீர் இல்லை என்று பொருளன்று. கம்பி அறுந்தது என்று பொருள். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதும் ஒன்றும் சொல்லாதிருப்பதும் வேறு வேறு என்பதை இதனினும் எளிமையாகக் கற்பிக்க இயலாது.

இனி, பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் முறைக்கு வருவோம். மொடிக்கன் நிறுவனம் 1979 இல் ‘மொட்பஸ்’ என்னும் பேச்சுமுறையை வெளியிட்டது. இன்றும் உலகெங்கும் வழக்கிலுள்ள அம்முறையை, ஆசிரியத் தொழில் புரியும் நாம் வகுப்பில் இடாப்புக் கூப்பிடும் வழக்கத்தைக் கொண்டே விளக்கிவிடலாம். முறுக்கிய கம்பிச் சோடி ஒன்றிற் பல கருவிகள் இணைந்திருக்கும். அவற்றுள் ஒன்று தலைமைக் கருவி. ஏனையவற்றுக்கு 1 முதல் 247 வரையுள்ள எண்களில் ஒவ்வொன்று வழங்கப்பட்டிருக்கும். தலைமைக் கருவி ஓர் எண்ணைக் கூப்பிட்டுக் கேட்கும். அவ்வெண்ணுக்குரிய கருவி மட்டுமே விடை கூறும். கூப்பிடாதபோது எவரும் வாய்திறத்தல் ஆகாது. பழைய நூல்களில் இவற்றுக்கு எசமான், அடிமை என்ற பெயர்களே வழங்கின. 2020 இல் மொட்பஸ் அமைப்பினர் அப்பெயர்களைக் கைவிட்டு, சேவை கேட்பவர், சேவை வழங்குபவர் என்ற கருத்துடைய சொற்களை ஏற்றுக்கொண்டனர்.

பேச்சுமுறை ஒன்றாயினும், எண்ணும் முறையில் நிறுவனங்கள் ஒத்துநின்றிலர். கருவியினுள் அளவுகள் பதிவகங்கள் என்னும் அறைகளில் வைக்கப்படும். கைந்நூலில் 40001 என்று அச்சிட்டிருக்கும் அறை, கம்பியிற் செல்லும்போது 0 என்று அழைக்கப்படும். 40108 என்பது 107 ஆகும். இந்த ஒன்றை மறந்தவர்க்குப் பக்கத்து அறையின் விடையே கிடைக்கும். ஓர் அறையில் 65,535 இற்கு மேற்பட்ட எண் அடங்காது. ஆகவே 70,000 என்பதை இரண்டாகப் பிரித்து, ஓர் அறையில் 1, மற்றதில் 4,464 என வைப்பர். முதலறையின் எண்ணை 65,536 ஆற் பெருக்கி மற்றதைக் கூட்டினால் 70,000 வரும். எந்த அறை முதலறை என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கு வேறுபடும். மாற்றிப் படித்தால் 70,000 என்பது 29 கோடியே 25 இலட்சத்து 52 ஆயிரத்து 705 ஆகிவிடும்! இவ்வாறான பிழை நகைப்புக்கிடமாயினும் அச்சத்துக்கிடமன்று. அளவு பொருந்தாமையை எவரும் எளிதிற் கண்டுகொள்வர். பொருந்துவதுபோலத் தோன்றும் பிழையே அஞ்சத்தக்கது.

குன்றொன்றின்மேல் நீர்த்தாங்கி, அடிவாரத்திற் கிணறும் பம்பியும், இரண்டிடத்திலும் ஒவ்வொரு கட்டுப்படுத்தி என்று வைத்துக்கொள்வோம். தாங்கி 60 வீதம் நிறைந்திருக்கிறது என்ற செய்தி வந்த மறுகணமே கம்பி அறுந்துவிட்டது. அடிவாரத்துப் பெட்டியின் பதிவகத்தில் 60 என்ற எண் அப்படியே நிற்கும். 60 என்பது பொருத்தமான எண்தானே? பம்பி இரவு முழுவதும் ஓடும். தாங்கி நிரம்பி வழியும்; கிணறு வற்றும்; பம்பி வெறிதே சுழன்று எரியும். பழைய செய்தி புதிய செய்தியின் உடையணிந்து நிற்பதால் விளையும் கேடு இது.

இதற்கு மாற்று மிக எளியது. தாங்கியிலுள்ள பெட்டி, நீர்மட்டத்தோடு செக்கனுக்கு ஒருமுறை ஒன்று கூடிக்கொண்டே செல்லும் ஓர் எண்ணையும் வைத்திருக்குமாறு செய்நிரல் எழுதலாம். அதனை நாடித்துடிப்பு என்று கொள்க. நீர்மட்டம் மாறாதிருக்கலாம், துடிப்பு மாறாதிருத்தல் இயலாது. சில செக்கன்கள் அது மாறாது நின்றால், பேச்சு அறுந்தது என்று அடிவாரத்துப் பெட்டி அறிந்துகொள்ளும். அறிந்தபின் செய்யவேண்டியது யாது? தாங்கியை நிரப்பும் பம்பி நிற்பதே நலம். கொதிக்கும் உலையைக் குளிர்விக்கும் பம்பியோ ஓடிக்கொண்டிருப்பதே நலம். இந்த வேற்றுமையைப் பெட்டி அறியாது. செய்நிரல் எழுதுபவரே முன்கூட்டி எண்ணிப்பார்த்து, அதற்குரிய படியை ஏணியில் வரைந்துவைத்தல் வேண்டும்.

மௌனத்துக்கு மாற்றுக் கண்டோம். பொய்க்குரலுக்கு மாற்று யாது?

மொட்பஸ் செய்தி ஒவ்வொன்றின் முடிவிலும் சரிபார்ப்பு எண் ஒன்று வரும். வழியிற் செய்தி சிதைந்திருந்தால் அவ்வெண் காட்டிக்கொடுத்துவிடும். கடிதம் கிழியாமல் வந்தது என்பதற்கு அது சான்று. கடிதத்தை எழுதியவர் யாரென்பதற்குச் சான்றன்று. 1979 இல் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. கம்பி தொழிற்சாலைச் சுவர்களுக்குள் ஓடியது. அதனைத் தொட வல்லவர் உள்ளே வேலை செய்பவரே. பின்னர் 1999 இல் இதே பேச்சுமுறை கணினி வலையமைப்புக்கு ஏற்றவாறு விரிக்கப்பட்டது. சுவர் மறைந்தது, பெட்டியின் குணம் மாறவில்லை. தன் மொழியில் இலக்கணப் பிழையின்றிப் பேசுபவர் எவராயினும் அவர்க்கு அது பணிந்தது. பேசுபவரின் அடையாளத்தைச் சோதிக்கும் பாதுகாப்பு முறை 2018 இலேதான் மொட்பஸுக்கு வகுக்கப்பட்டது. எனினும், முன்னரே பொருத்தப்பட்ட கருவிகள் எளிதில் மாற்றப்படுவதில்லை.

பேச்சுமுறை எதுவாயினும், வாயிற்கதவு திறந்துகிடந்தால் விளைவது என்ன என்பதை 2023 நவம்பர் 25 ஆந் தேதி அமெரிக்கா கண்டது. பென்சில்வேனியா மாநிலத்து அலிக்குவிப்பா என்னும் சிற்றூரின் நீர்வழங்கு சபைக்குரிய நிலையமொன்றில், நீரின் அமுக்கத்தைக் கவனித்துச் சீராக்கும் சிறு கட்டுப்படுத்தி ஒன்று அந்நியர் வசமாயிற்று. அது இஸ்ரேலின் யுனிட்ரொனிக்ஸ் நிறுவனம் செய்தது. அதன் திரையில் இஸ்ரேலுக்கு எதிரான வாசகம் தோன்றிற்று. ஈரானியப் புரட்சிக் காவற்படையைச் சார்ந்தவர்களின் செயல் இது என அமெரிக்க அதிகாரிகள் கூறினர். அவ்வூர் மக்களுக்கும் மேற்காசியப் பூசலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவர்களுடைய பெட்டி பிறந்த நாடே அவர்கள் குற்றமாயிற்று.

அந்நியர் பெருவித்தை ஏதும் புரிந்தாரல்லர். இத்தகைய பெட்டிகள் இணையத்தில் நேரே திறந்திருந்தன என்றும், தொழிற்சாலையிலிருந்து வரும்போது இட்டிருந்த கடவுச்சொல்லே மாற்றப்படாதிருந்திருக்கலாம் என்றும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையினர் அறிவித்தனர். அக்கடவுச்சொல் 1111. பல்லாயிரம் ரூபா கொடுத்து வாங்கிய பூட்டின் திறப்பைக் கதவிலேயே தொங்கவிட்டதற்கு இது ஒப்பாகும்.

எனினும் அலிக்குவிப்பா மக்களின் குடிநீருக்குத் தீங்கு நேரவில்லை. அபாய அறிவிப்பு ஒலித்தது. ஊழியர்கள் அப்பெட்டியின் தொடர்பை நீக்கிவிட்டு, பம்பிகளைத் தம் கையால் இயக்கினர். இச்செய்தியைப் படித்தபோது எமது உள்ளத்திற் பதிந்தது இதுவே. பெட்டி வந்து ஆண்டுகள் பலவாகியும், கையால் இயக்கும் வழியை அவர்கள் அடைத்துவிடவில்லை. இயக்கத் தெரிந்த ஆட்களையும் இழந்துவிடவில்லை.

இத்தொழிலை மேற்கொள்ளும் இளைஞர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகிறது. சிறு கட்டுப்படுத்திகள் மலிந்துவிட்டன. அவற்றை இணைத்தல் முன்போல் அரிதன்று. கம்பி பூட்டி, விடை வந்ததும் வேலை முடிந்தது என்று கருவிகளை மூட்டைகட்டிப் புறப்படுதல் எளிது. அவ்வாறு புறப்படுமுன், இணைத்த ஒவ்வொரு பெட்டியைக் குறித்தும் மூன்று வினாக்களுக்கு விடையெழுதிப் பேழையின் கதவினுட்புறத்தே ஒட்டிவிட்டுச் செல்லுமாறு அவ்விளைஞர்க்கு நாம் கூறுவோம். மற்றைய பெட்டி மௌனமானால் இது என்ன செய்யும்? யார் யார் சொல்லை இது கேட்கும்? இதனை நீக்கிவிட்டால், எந்த ஆளியை யார் கையால் இயக்குவது? முதலிரண்டு வினாக்களுக்கும் விடை செய்நிரலிலும் கடவுச்சொல்லிலும் அடங்கிவிடும். மூன்றாவதற்கு விடை எழுத, அங்கே வேலை செய்யும் முதிய பம்பி இயக்குநரிடம் சென்று கேட்கவேண்டியிருக்கும். அவர் ஓய்வுபெறுமுன் கேட்டுக்கொள்வது நன்று.