கருவி இல்லையேல் கல்வி இல்லையா?

தொடக்கப் பள்ளியில் அறிவியல் கற்பிக்க ஆய்வகம் இல்லை, கருவி இல்லை, பணம் இல்லை என்னும் புலம்பல் நெடுநாளாகக் கேட்டு வருவதாகும். அப்புலம்பலில் உண்மை ஒரு பங்கு. மயக்கம் மூன்று பங்கு. அறிவியல் கருவியிற் பிறப்பதன்று, கேள்வியிற் பிறப்பது. சிறுவர் நெஞ்சிற் கேள்வியை எழுப்புதற்குக் கதையினும் சிறந்த வழி உண்டோ?

சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டா. திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்திற்கும் இடையே காவிரி ஓடுகின்றது. அதன் கீழ்ப்பால் கரிகாலன் பெயர் விளங்கக் கல்லணை நிற்கின்றது. ஆழங் காணவியலா ஆற்றுமணலில் அஃது எவ்வாறு நின்றது? இதனையே கதையாகத் தொடங்குக.

“கல்தச்சர் ஆற்றில் ஒரு பெருங்கல்லை இட்டனர். மறுநாட் காலை கல்லைக் காணவில்லை. எங்கே போயிற்று?” இவ்விடத்தில் ஆசிரியர் வாய்மூட வேண்டும், பிள்ளைகள் வாய்திறக்க வேண்டும். வெள்ளம் உருட்டியது என்பான் ஒருவன். மணல் விழுங்கியது என்பாள் ஒருத்தி. உடனே ஒரு பழந்தட்டில் மணலைப் பரப்பி, கூழாங்கல் ஒன்றை வைத்து, தட்டைச் சற்றே சாய்த்து, செம்பு நீரை மெல்ல ஊற்றச் செய்க. நீர் கல்லைச் சுற்றி மணலை அரிப்பதையும், அரித்த குழியிற் கல் இறங்குவதையும் அவர்கள் கண்ணாரக் காண்பர். அதன்மேல் இன்னொரு கல். அதுவும் இறங்கினால் மற்றுமொன்று. இனி இறங்காது என்னும் நிலையில் அணைக்கு அடித்தளம் கிடைத்துவிட்டது!

ஆழமறியா மணலில் அடித்தளமிடும் முறையைக் கல்லணை கட்டியோரிடமிருந்தே கற்றோம் என்று ஒப்பியவர், 1836-இல் கொள்ளிடத் தலைப்பில் மேலணை கட்டத் தொடங்கிய ஆங்கிலப் பொறிஞர் ஆர்தர் காட்டன். அவர் கற்ற பாடத்தை நம் பிள்ளை கற்கத் தேவை, ஒரு தட்டு, ஒரு செம்பு, ஒரு பிடி மணல். அரிப்பு, சுழி, வண்டல், மதகு என்பன காவிரிக்கரைப் பிள்ளையின் வீட்டுச் சொற்கள். அறிவியற் சொற்களும் அவையே. தாய்மொழியிற் கற்பிப்பதன் வலிமை இதுவன்றோ?

1888-இல் திருவானைக்காவிற் பிறந்த இராமன், 1921-இல் கப்பலிற் செல்கையில், கடல் ஏன் நீலமாக உள்ளது என்று கேட்டார். அங்கு அவர் கையில் இருந்தவை ஒரு சிறு பட்டகம் முதலிய எளிய கருவிகளே. அக்கேள்வியின் வழியே சென்றவர்க்கு 1930-இல் நோபல் பரிசு வந்தது.

கதை மட்டும் போதும் என்று கூறுகின்றோமல்லோம். ஆய்ந்து பார்க்க இடந்தராத கதை கட்டுக்கதையே. கதை கேள்வியிற் கொண்டுபோய் விடவேண்டும். கேள்விக்குக் கை விடைகாண வேண்டும்.

இவ்வுண்மையை அரசும் அறியும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பின்னர்த் தமிழகமெங்கும் பரவியது. 2022 நவம்பர் 28-இல் இதே திருச்சிராப்பள்ளிக் காட்டூரில் ‘வானவில் மன்றம்’ தொடங்கப்பெற்றது. எளிய பொருள்களைக் கொண்டு ஆய்வு செய்து காட்டும் நல்ல திட்டம் அது. ஆயின் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை பயில்வோர்க்கே உரியது. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் முதல் நோக்கமோ, பெயர் கூறுமாறே, எண்ணும் எழுத்துமே. கேள்வி ஊற்றெடுக்கும் அகவை ஐந்தும் ஆறும் அல்லவா? பதினொன்றாம் அகவை வரை வானவில் ஏன் காத்திருக்க வேண்டும்?

மற்றொன்றையும் மறைக்காது சொல்வோம். கருவி இல்லாமையை மணலால் ஈடுசெய்யலாம். ஆசிரியர் இல்லாமையை எதனாலும் ஈடுசெய்ய இயலாது. ஐந்து வகுப்புகளை இரண்டே ஆசிரியர் சுமக்கும் பள்ளியில், கதை சொல்லவும் விடைக்குக் காத்திருக்கவும் பொழுதேது? வகுப்புக்கோர் ஆசிரியர் வேண்டும் என்று ஓயாது கேட்பது நம் கடன்.

அதுவரை நாம் வாளா இருப்பதோ? கற்றறிந்த தமிழிளைஞரே! தலைமையாசிரியரின் இசைவு பெற்று, கிழமைக்கு ஒரு மணிநேரம் உங்கள் தெருப் பள்ளிக்குச் செல்லுங்கள். ஒரு கதையோடும் ஒரு செம்பு நீரோடும் செல்லுங்கள்.