ஸ்பிரிங்கை வெட்டாதீங்க மக்கா!

மறைமலைநகர்ல உருவாகி 1999-ல் ரோட்டுக்கு வந்த கார் ஃபோர்டு ஐகான். ‘ஜோஷ் மெஷின்’னு விளம்பரம் பண்ணாங்க. அதுல 1.6 லிட்டர் பெட்ரோல் மாடலுக்கு நம்ம பசங்ககிட்ட இன்னும் மவுசு குறையல. பழைய கார் மார்க்கெட்ல விலை கம்மி, இழுவை நல்லா இருக்கும், வளைவுல சொன்ன பேச்சு கேட்கும்.

பிரச்சினை வாங்கின பிறகுதான். முதல் வாரமே கிரைண்டரைத் தூக்கிடுறாங்க. ஸ்பிரிங்ல ஒரு சுத்தை வெட்டினா கார் தரையோட ஒட்டி நிக்கும், பார்க்க கெத்து. இதுக்கு ‘சஸ்பென்ஷன் அப்கிரேட்’னு பேர் வேற. அந்தக் கார்கிட்ட இருக்கிற ஒரே நல்ல குணத்தையும் கெடுக்கிற வேலை இதுன்னுதான் நான் சொல்வேன்.

கணக்கு டிசைன் பேப்பர்ல படிச்சதுதான். காயில் ஸ்பிரிங்கோட விறைப்பு, வேலை செய்யுற சுத்துகளோட எண்ணிக்கைக்கு எதிர்விகிதம். ஆறு சுத்துல ஒண்ணை வெட்டினா விறைப்பு 20 சதவீதம் கூடும். ஷாக் அப்சார்பர் அப்படியே இருந்தா, டேம்பிங் ரேஷியோ கிட்டத்தட்ட 9 சதவீதம் குறையும். ஏற்கெனவே ஆயில் கசிஞ்சு தளர்ந்த ஷாக்னா கேட்கவே வேண்டாம். மேட்டைத் தாண்டின பிறகும் கார் குதிச்சுக்கிட்டே போறது இதனாலதான். டயர் ரோட்டை விட்டு எழும்புற நொடியில பிரேக்கும் இல்ல, ஸ்டீயரிங்கும் இல்ல.

‘தாழ்த்தினா வளைவுல சாயாதே’ன்னு கேட்பாங்க. அது பாதி உண்மை. ஐகானுக்கு முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். காரை ரொம்ப இறக்கினா லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் மேல் நோக்கிச் சாயும். கார் இறங்கினதைவிட ரோல் சென்டர் அதிகமா இறங்கிடும். அப்போ காரைச் சாய்க்கிற விசைக்கு நெம்புகோல் இன்னும் நீளமாகுது. சக்கரம் மேல ஏற இடமும் குறைஞ்சு பம்ப் ஸ்டாப்ல போய் இடிக்கும்.

இப்போ நம்ம ரோட்டுக்கு வருவோம். ஸ்பீட் பிரேக்கர்னா 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும்னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லுது. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம்னு பாபநாசம் வரைக்கும் ஒரு டேப்பை எடுத்துட்டுப் போங்க. எத்தனை அந்த அளவுல தேறும்? 2023 டிசம்பர் வெள்ளத்துல தாமிரபரணி அரிச்சுட்டுப் போன ரோடுகளும் மறந்திருக்காது. ரேஸ் கார் தாழ்வா இருக்கும், ஏன்னா இருங்காட்டுக்கோட்டை டிராக்ல திண்டு கிடையாது. ரேலி கார் உயரமா, சக்கரம் நல்லா ஏறி இறங்க இடத்தோட இருக்கும். நம்மளுது ரேலி ரோடு மக்கா.

அப்போ என்னதான் செய்யலாம்? முதல்ல பழசைச் சரி பண்ணுங்க. கார் ஓடாம நின்னாலும் ரப்பர் வயசாகி இறுகி வெடிக்கும். அதனால லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட், பால் ஜாயின்ட் மூணையும் பாருங்க. ஷாக்கை எப்பவும் ஜோடியா மாத்துங்க. கடைசியா வீல் அலைன்மென்ட், நல்ல டயர். இவ்வளவும் முடிச்சு ஓட்டிப் பார்த்தாலே பாதிப் பேருக்கு வேற எதுவும் தேவைப்படாது. அதுக்கு மேலயும் ஆசைன்னா, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துற செட்டா வாங்குங்க. உயரத்துல மட்டும் கை வைக்காதீங்க.

இதுல கெத்து இல்லங்கிறது உண்மைதான். புது புஷ் மாட்டினது வெளியே யாருக்கும் தெரியாது, ரீல்ஸ்லயும் வராது. ஆனா இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறதா ஃபோர்டு 2021-லயே அறிவிச்சாச்சு. இருக்கிற ஐகான் எண்ணிக்கை இனிமே குறையத்தான் செய்யும். வெட்டின ஸ்பிரிங்கைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

இன்னொண்ணு. லீவு விட்டா மணிமுத்தாறு அருவிக்கு அஞ்சு பேரை ஏத்திட்டுக் கிளம்புறோம். ஓட்டுறவனுக்குத் தன் காரைப் பத்தித் தெரியும். நம்பி ஏறி உட்கார்ந்த மத்த நாலு பேருக்கும் அதுல ஸ்பிரிங் வெட்டியிருக்குன்னு தெரியாது.