அழிக்கும் உத்தரவில் யார் கையெழுத்து?

தில்லி மந்திர் மார்க்கில் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு இயங்குகிறது. அங்கிருந்து ஒரு நிறுவனத்துக்கு குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 94-ஆம் பிரிவின்கீழ் நோட்டீஸ் போகிறது என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட மின்னஞ்சல்களை ஒப்படைக்க வேண்டும். நோட்டீஸ் சட்டப் பிரிவின் மேசைக்கு வந்துவிட்டது. சர்வருக்கு அது தெரியாது. 90 நாள் கடந்த அஞ்சல்களை அன்றிரவும் வழக்கம்போல் அழித்துவிடும். உங்கள் அலுவலகத்தில் அந்த அழிப்பை நிறுத்திவைக்கும் அதிகாரம் யாருக்கு? அவர் விடுப்பில் இருந்தால்?

தானியங்கி அழிப்பை நாம் எதிர்க்கவில்லை. எதையும் அழிக்காத ரெக்கார்ட் ரூமில் எதையும் தேடவும் முடியாது. ஆனால் காகிதக் கோப்பை அழிக்கப் பட்டியல், மறுஆய்வு, அதிகாரியின் ஒப்பம் எல்லாம் கேட்கும் நாம், மின்பதிவை அழிக்கும் செட்டிங்கை யாரோ ஒரு டெக்னீஷியன் கையில் விட்டிருக்கிறோம். கணினி உருவாக்கும் பதிவுகளும் பொது ஆவணமே என்கிறது 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம்.

சாத்தான்குளம் காவல் மரண வழக்கை, பதிவேடுகளைப் பராமரிக்கும் நம் துறையினர் இந்தக் கோணத்திலும் படிக்க வேண்டும். 2020 ஜூன் 19 இரவு, பின்னர் இறந்த தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அவ்வூர்க் காவல் நிலையத்தில் இருந்தார்கள். விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட்டுக்கு அன்றைய சிசிடிவி காட்சி கிடைக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் 1 டிபி கொள்ளளவு இருந்தும், காட்சிகள் அன்றாடம் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்ததாக அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அறிக்கை அளித்தார். ஒரு டிக் போட்டதே அங்கே அழிப்பு உத்தரவு.

அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், காவல் நிலையக் காட்சிகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கான கருவி சந்தையில் இல்லையென்றாலும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். கணக்குப் போடுங்கள்: விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் பதியும் ஒரு கேமரா நாளுக்கு சுமார் 21.6 ஜிபி நிரப்பும். 18 மாதத்துக்கு ஏறத்தாழ 12 டிபி. பதினாறு கேமராவுக்கு 190 டிபி. டிஸ்க் நிறைந்ததும் பழையதன்மேல் எழுதும் டிவிஆருக்குக் கால அட்டவணை என்பதே கிடையாது; கொள்முதல் பிரிவு வாங்கிய டிஸ்க்கின் அளவுதான் அட்டவணை.

ஆகவே டெண்டரிலேயே மூன்றைக் கேளுங்கள்: வழக்கு எண்ணைப் பதிந்த கணத்தில் அழிப்பு நிற்க வேண்டும், கால அளவை மாற்ற இருவர் ஒப்பம் வேண்டும், எது, எப்போது, எந்த விதியின்கீழ் அழிந்தது என்ற லாக், அழிந்த பதிவைவிட நீண்ட காலம் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் விற்பனையாளர்கள் ‘கூடுதல் மாட்யூல்’ என்று தனி விலை சொல்வார்கள். அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.