வில் என்ன பள்ளிச் சீருடையா?

"வளர்ற புள்ள சார், கொஞ்சம் பெரிசாவே எடுத்துடுவோம்."

முப்பத்துமூன்று வருடம் ஆசிரியர் வேலை. ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். தோள் இறங்கித் தொங்கும் சட்டையோடும், இடுப்பில் ஊக்கு குத்திய பாவாடையோடும் ஆறாம் வகுப்புக்குள் நுழையும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிப்போனது. துணிக்கு அது நியாயம்தான். ஒரு சட்டையை இரண்டு வருடம் ஓட்டியாக வேண்டிய வீடுகள் அவை. அதே வாக்கியத்தை வில் வாங்கும்போதும் சொல்கிறார்களே, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் படித்த தம்பி ஒருவர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். அவர் மகள் எட்டாம் வகுப்பு. வயது 13, உயரம் 148 செ.மீ. பயிற்சி மையத்தின் பொது மரவில்லில் ஒரு வருடம் எய்தாள். நன்றாகவே எய்தாள். சொந்த வில் வாங்கலாம் என்று பேச்சு வந்ததும் கோச் ஒரு பட்டியலைக் கொடுத்தார். 25 அங்குல அலுமினிய ரைசர், 30 பவுண்டு லிம்ப், நீள ஸ்டெபிலைசர், சைட். அங்கே பழகும் 17 வயதுப் பையனுக்கும் அதே பட்டியல், இவளுக்கும் அதே பட்டியல். தம்பி என்னிடம் வந்து, "சார், இன்னும் சின்னதா ஒண்ணு இருக்காம். எதை வாங்க?" என்று கேட்டார்.

"வளர்ற புள்ள, பெரிசாவே வாங்குப்பா" என்று சொன்னவன் நான்தான்.

மனைவியின் வளையலை அடகு வைத்து வாங்கினார்கள். ஏழாம் மாதம் அந்தப் பிள்ளை இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் அழுதது. "தாத்தா, எனக்கு இது வேணாம்" என்றாள். வில் பரணுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் நான் படிக்கவும், தெரிந்தவர்களைக் கேட்கவும் ஆரம்பித்தேன். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒலிம்பிக்கில் பார்க்கும் ரீகர்வ் வில் மூன்று பாகம். நடுவில் கையில் பிடிக்கும் கட்டை ரைசர். அதன் மேலும் கீழும் பூட்டுகிற வளையும் பட்டைகள் லிம்ப். அப்புறம் நாண். எல்லோரும் கேட்பது "எத்தனை பவுண்டு?" என்றுதான். அது இழுக்கும் கைக்கான கணக்கு. தாங்கும் கைக்கு ஒரு கணக்கு உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. அந்தக் கணக்கில் பெரும்பங்கு ரைசருடையது.

பரணில் இருந்ததை இறக்கி மளிகைக்கடைத் தராசில் வைத்தோம். ரைசர் மட்டும் 1,310 கிராம். லிம்ப், சைட், ஸ்டெபிலைசர் எல்லாம் சேர்த்தால் இரண்டு கிலோவைத் தாண்டியது. பிள்ளைகளுக்கேற்ற எடை குறைந்த ரைசர் 900 கிராம் அளவில் கிடைக்கிறது. வித்தியாசம் 410 கிராம்தானே என்பீர்கள். ஒரு மாலையில் 120 அம்பு எய்தால் 120 முறை அதைத் தூக்க வேண்டும். பெருக்கிப் பாருங்கள், 49 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை, தேவையே இல்லாமல், தினமும் அந்தக் குழந்தையின் ஒற்றைத் தோளில் ஏற்றினோம். அதுவும் மார்போடு அணைத்துத் தூக்குவதில்லை, கையை முழுக்க நீட்டித் தூக்குவது. நெம்புகோல் பாடத்தை எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்! சுமை தூரம் போகப்போகத் தாங்கும் இடத்தில் பளு கூடும் என்று கரும்பலகையில் படம் போட்டவன், ஒரு பிள்ளையின் தோளுக்கு அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி எடுங்கள். சரியாக இரண்டு கிலோ. கையைத் தோள் உயரத்துக்கு நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள். இறக்கி, மறுபடி தூக்குங்கள். முப்பது தடவை. கடைசியில் உங்கள் இடுப்பு பின்னால் சாய்ந்திருக்கும், தோள் காது வரை ஏறியிருக்கும். கனமான வில் பிடித்த பிள்ளையும் அதையேதான் செய்கிறது. அந்தச் சாய்வு பழக்கமாகிவிட்டால் நல்ல கோச்சுக்கே அதை நேராக்க மாதங்கள் ஆகும்.

நீளத்துக்கு வருகிறேன். இதில்தான் நாங்கள் அதிகம் ஏமாந்தோம். 25 அங்குல ரைசரில் குட்டை லிம்ப் பூட்டினால் வில் 66 அங்குலம், நடுத்தர லிம்ப் என்றால் 68, நீள லிம்ப் என்றால் 70. இவளுக்குப் போட்டது 68. இவள் நாணை இழுக்கும் தூரமோ 24 அங்குலம்தான். அவ்வளவு நீள வில் அந்தச் சின்ன இழுப்புக்குச் சரியாக வளையாது. வளையாத லிம்ப் அம்பைத் தள்ளாது, அம்பு தொய்ந்து விழும். உடனே என்ன சொல்வார்கள்? "பவுண்டைக் கூட்டு." 30 பவுண்டு லிம்ப் வந்த கதை அதுதான். லிம்பில் எழுதியிருப்பது 28 அங்குல இழுப்புக்கான எண், ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ இரண்டு பவுண்டு குறையும், ஆகவே அவள் இழுப்பது 22தானே என்று சமாதானமும் சொன்னார்கள். 23 அங்குல ரைசரில் குட்டை லிம்ப் போட்டால் வில் 64 அங்குலம். அவளுக்கு அதுதான் பொருத்தம், அதற்குப் பவுண்டும் குறைவாகவே போதும்.

"கனமான வில்தான் ஆடாது" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். தவறில்லை. எடை கூடினால் வில் அசைவது குறையும். ஆனால் யார் கையில்? தாங்கும் தோள் இருந்தால்தான். எடை குறைந்த ரைசரிலும் ஸ்டெபிலைசர் மாட்டுகிற மரைத் துளைகள் இருக்கின்றன. தோள் உறுதிப்பட உறுதிப்பட, சிறு சிறு எடைகளை அதில் மாட்டிக்கொண்டே போகலாம். 1,310 கிராம் ரைசரிலிருந்து 400 கிராமை எப்படிக் கழிப்பீர்கள்? ரம்பம் வைத்தா?

இன்னொருவர் கொரியாவைக் காட்டினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் கிம் ஜே-தியோக் 17 வயதில் இரண்டு தங்கம் வாங்கினாரே என்றார். ஐயா, அங்கே தொடக்கப் பள்ளியிலேயே வில் பழகத் தொடங்குகிறார்கள். 17 வயதில் அவர் பிடித்தது அவருடைய முதல் வில் அல்ல. நம் தீபிகா குமாரியைப் பாருங்கள். ராஞ்சிப் பக்கம் ஆட்டோ ஓட்டுநரின் மகள், மூங்கில் வில்லில் பழகியவர். 2010 தில்லி காமன்வெல்த்தில் இரண்டு தங்கம். மூங்கிலில் தொடங்கியதால் அவர் எதையும் இழந்ததாகத் தெரியவில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கிராம் எவ்வளவு என்று கேளுங்கள். நிறத்தை அப்புறம் பார்க்கலாம். அடுத்து, லிம்ப் பூட்டும் முறை ஐ.எல்.எஃப்.தானா என்று கேளுங்கள். அந்த முறை என்றால் ரைசரை வைத்துக்கொண்டு, பிள்ளை வளர வளர எந்தக் கம்பெனி லிம்பையும் மாற்றிக்கொள்ளலாம். போல்ட்டைத் திருகியே பத்து சதவீதம் அளவுக்குப் பவுண்டை ஏற்றி இறக்கலாம். வளர்கிற பிள்ளைக்கு இடம் விட வேண்டியது அங்கேதான். வார்ப்பு ரைசர் போதுமா, கட்டியிலிருந்து கடைந்ததுதான் வேண்டுமா என்று லேத் தம்பி அரைமணி நேரம் எனக்கு வகுப்பெடுத்தார். சுருக்கம் இதுதான்: குறைந்த பவுண்டுக்கு நல்ல வார்ப்பு போதும், கனமான லிம்ப் போடும் நாளில் மாற்றிக்கொள்ளலாம். கார்பன் எல்லாம் நம் மாதிரி வீடுகளுக்கு இப்போது வேண்டாம். வலது, இடது ரைசர் முடிவு செய்யும் முன் பிள்ளையின் எந்தக் கண் முன்னால் பார்க்கிறது என்றும் சோதித்துவிடுங்கள்.

பயிற்சியாளர்களுக்கும் ஒன்று. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பட்டியல் எழுதுவது உங்களுக்கு வசதி, கடைக்கும் வசதி. பிள்ளையின் கையை அளக்க ஐந்து நிமிடம் ஆகும். டேப் இல்லையென்றால் நான் வாங்கித் தருகிறேன்.

மருத்துவர் மூன்று மாதம் ஓய்வு சொன்னார். அது முடிந்து, போன வாரம் மறுபடி பழைய பொது மரவில்லோடு மைதானத்தில் நின்றாள். முப்பது அம்புதான். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் எதுவும் ஆலோசனை சொல்லவில்லை.

அந்த 25 அங்குல ரைசர் விற்பனைக்கு இருக்கிறது. கறுப்பு நிறம், வலக்கைக்காரர்களுக்கானது, கீறல் இல்லை. வரும் பணம் வளையலை மீட்கப் போகிறது, அதனால் பேரம் வேண்டாம். பெரியவர்கள் மட்டும் உள்பெட்டிக்கு வரவும். பிள்ளைக்கு என்று கேட்பவர்களுக்குத் தரமாட்டேன்.