அணிந்துரை கேட்டு வந்த மாணவர்



கடந்த பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்றவர். இப்போது ஒரு தொழிற்சாலையின் கிடங்கில் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை. கையில் இரண்டு தடித்த கோப்புகள். “ஐயா, ஒரு நாவல் எழுதியிருக்கேன். நீங்கதான் அணிந்துரை எழுதணும்” என்றார்.

ஐந்து ஆண்டுகளாக இரவு வேலை முடிந்த பிறகு எழுதியதாம். 500 படிகள் அச்சிட அச்சகத்தார் கேட்ட தொகை அவருடைய மூன்று மாதச் சம்பளத்தை விட அதிகம். மனைவியின் சங்கிலியை அடகு வைக்க முடிவாகிவிட்டது. வெளியீட்டு விழாவிற்கு மண்டபமும் பார்த்துவிட்டார். என் அணிந்துரை மட்டுமே மீதி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒருமுறை, நண்பர் ஒருவரின் நூலை முழுமையாகப் படிக்காமலேயே அணிந்துரை எழுதிக் கொடுத்தவன் நான். அந்த நூலின் பெரும்பகுதி கட்டுப் பிரிக்கப்படாமல் அவருடைய வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடப்பதைப் பிறகு கண்ணால் கண்டேன். ஆகவே இம்முறை ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

முதல் பக்கத்தைப் படித்ததும் திடுக்கிட்டேன். கீழ்வானம் சிவக்கிறது, ஆதவன் பொற்கதிர்களைப் பரப்புகிறான், புள்ளினங்கள் இன்னிசை பாடுகின்றன. இந்த வாக்கியங்கள் எனக்குப் புதியவை அல்ல. யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்காகக் கரும்பலகையில் நானே எழுதி, மனனம் செய்யச் சொன்னவை! கற்பனைக் கட்டுரைக்கு இப்படித் தொடங்கினால் புள்ளி கிடைக்கும் என்று கூறியதும் நானே. நாற்பது பக்கங்கள் அதே நடையில் சென்றன. கதைமாந்தர் அனைவரும் மேடையில் பேசுவதுபோல் பேசினர்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் திடீரென ஒரு தாய் வந்தாள். தோட்டம் விற்கப்பட்டு, எல்லாருக்கும் கணக்கு முடித்தாகிவிட்டது. மறுநாளும் அவள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு லயத்தின் வாசலில் நிற்கிறாள். மரம் வெட்டப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் நிற்கிறாள். மகன் சன்னல் வழியே பார்க்கிறான், அழைக்கவில்லை. அந்தப் பகுதியில் ஆதவனும் இல்லை, புள்ளினமும் இல்லை. ஒட்டுப்பாலின் வாடை இருந்தது. நான் கற்பித்ததை அவர் மறந்த இடத்தில்தான் அவருடைய நாவல் தொடங்கியிருந்தது.

இதைப் படித்தபின் என்னுள் எழுந்த கேள்வி இதுதான்: நம் நாட்டில் நாவல் எழுத விழையும் ஒருவர், அச்சகத்திற்குப் போகுமுன் யாரிடம் போக வேண்டும்?

இம்மண்ணில் தமிழ் நாவலின் வரலாறு நூறாண்டைக் கடந்துவிட்டது. க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ 1917-இல் வெளிவந்தது. பிற்காலத்தில் ரெ. கார்த்திகேசு, அ. ரெங்கசாமி, சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான் எனப் பலர் இத்துறையை வளர்த்தனர். சயாம் மரண இரயில் பாதையின் துயரத்தை அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ நாவலில் எழுதியிராவிட்டால், நம் பிள்ளைகளுக்கு அந்த வரலாற்றை எந்தக் கதையின் வழியே சொல்லியிருப்போம்? கோ. புண்ணியவான், ம. நவீன், கே. பாலமுருகன் ஆகியோர் தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலிருந்து வந்தவர்கள் என்பது நமக்குப் பெருமை.

அன்று எழுத முனைந்தவருக்கு ஒரு வாசல் இருந்தது. 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதக் கற்றுக் கொடுத்த முயற்சி அது. சிங்கப்பூரிலிருந்து வந்த தமிழ் முரசின் மாணவர் மணிமன்றமும் பல இளையோரை எழுத்துக்கு இழுத்தது. ஞாயிறு பதிப்பிற்கு அனுப்பிய கதை திரும்பி வந்தால், ‘இன்னும் எழுதிப் பழக வேண்டும்’ என்று உணர்த்த ஓர் ஆசிரியர் குழு இருந்தது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. ஒரு நாளிதழ் நின்றபோது, எழுத்தைத் திருத்தும் ஒரு மேசையும் மறைந்தது என்பதை நாம் போதிய அளவு உணரவில்லை.

இன்று நிலைமை என்ன? பணம் இருந்தால் நூல் வந்துவிடும். தட்டச்சு, அட்டை, அச்சு எல்லாவற்றிற்கும் ஆள் உண்டு. படித்துப் பார்த்து ‘இந்த அத்தியாயம் வேண்டாம்’ என்று சொல்லத்தான் ஆள் இல்லை. பிறகு வெளியீட்டு விழா. பிரமுகர் முதல் நூல் பெறுகிறார். வந்தவர்கள் கடித உறையில் அன்பளிப்பு வைத்து நூலை வாங்கிச் செல்கிறார்கள். அந்த நூலை யாரேனும் படித்தார்களா என்று எழுத்தாளர் கேட்பதில்லை, கேட்கத் துணிவதுமில்லை.

விழாவே கூடாது என்று நான் கூறவில்லை. நூல்களை அடுக்கி விற்கக் கடைகள் குறைந்த நாட்டில், விழாதான் போட்ட முதலை மீட்கும் வழி. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி நூல் போட்டவரைக் குறை கூற யாருக்கும் உரிமையில்லை. ஆனால் விழாவில் விற்ற நூல் வாசிக்கப்பட்ட நூல் ஆகாது. வாசகரற்ற எழுத்தாளர் முதல் நூலோடு ஓய்ந்துவிடுகிறார். ஒரு சமூகம் தன் கதைசொல்லியை இழப்பது இப்படித்தான்.

ஆகவே நம்மால் இயன்ற சிலவற்றை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஆசிரியர்களுக்கு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் கைவிடப்பட்டது. மனனக் கட்டுரை மட்டும் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. ‘நீ இன்று காலை கண்டதை எழுது’ என்று மாணவரிடம் கூறுவோம். வாக்கியம் கரடுமுரடாக இருக்கட்டும். அது அவருடையதாக இருக்கட்டும்.

இரண்டாவது, எழுத விழைவோருக்கு. அச்சகத்தின் விலைப்பட்டியலைக் கேட்குமுன் மூன்று பேரிடம் கையெழுத்துப் படியைக் கொடுங்கள். அவர்களில் ஒருவராவது உறவினராக இல்லாதிருக்கட்டும். தனி அத்தியாயங்களைச் சிறுகதையாக்கி இதழ்களுக்கு அனுப்புங்கள். நூலாக வரும்போது தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். எண் பெறுங்கள், 1986-ஆம் ஆண்டின் சட்டப்படி ஐந்து படிகளை அங்கு ஒப்படையுங்கள். உங்கள் கட்டிலுக்கடியில் இல்லாவிட்டாலும் நாட்டின் நூலகத்தில் அந்நூல் இருக்கும்.

மூன்றாவது, பெற்றோருக்கு. பிறந்தநாளுக்கு ஆண்டுக்கு ஒரு மலேசியத் தமிழ் நாவல் வாங்குங்கள். வாங்கி, நீங்களும் படியுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஓர் எழுத்தாளரை அழைத்துப் பொன்னாடை போர்த்துவதோடு நில்லாமல், அவருடைய நூலைப் படித்த ஐவர் கேள்வி கேட்கட்டும். ஐநூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு நல்ல நாவலுக்கு இரண்டு படிகள் வாங்கினாலே, ஒருவர் தம் மனைவியின் சங்கிலியை அடகு வைக்கத் தேவையிராது.

என் மாணவரிடம் என்ன சொன்னேன்? “தம்பி, முதல் நாற்பது பக்கமும் வேண்டாம். அது நீங்க எழுதினது இல்ல, நான் எழுதினது” என்றேன். அவர் முகம் சுருங்கியது. ஐந்து ஆண்டு உழைப்பாயிற்றே! தேநீரைக் கூட முழுமையாகக் குடிக்காமல் விடைபெற்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பாராட்டி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் மகிழ்ச்சியோடு சென்றிருப்பார். ஆனால் அந்தத் தாய் நாற்பத்தொன்றாம் பக்கத்திலேயே யாரும் காணாமல் நின்றுகொண்டிருப்பாள்.

இரண்டு வாரம் கழித்துப் புலனத்தில் ஒரு செய்தி வந்தது: “ஐயா, நாற்பது பக்கத்தையும் எடுத்துட்டேன். மண்டபத்த இப்போதைக்கு வேணான்னு சொல்லிட்டேன். அம்மாகிட்ட இன்னும் கொஞ்சம் கேட்டு எழுதணும்.”

அவருடைய தாயாருக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது. கேட்க வேண்டியதை அவர் விரைந்து கேட்கட்டும். அணிந்துரையை நான் இன்னும் எழுதவில்லை. முழுமையாகப் படித்த பிறகே எழுதுவேன்.

உங்கள் பள்ளியிலும் வீட்டிலும் இப்படி ஒரு கோப்பு இருக்கக்கூடும். கேட்டு வாங்கிப் படியுங்கள். படித்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.