நாடுகாணியில் நின்று நோக்கினால்

கூடலூரிலிருந்து நிலம்பூர் செல்லும் மலைச்சாலை கீழிறங்கத் தொடங்கும் விளிம்பில் அமைந்துள்ளது நாடுகாணி. அங்கு நின்றால் கேரள நாடு கீழே விரிந்து கிடப்பதைக் காணலாம்; பெயர்ப் பொருத்தம் அழகியதே. ஆயினும் தொலைவிலுள்ள நாட்டைக் காணும் நம் கண்களுக்கு, அச்சந்திப்பின் தேநீர்க் கடையருகே ஒதுங்கி நிற்கும் மனிதர் ஏனோ தென்படுவதில்லை.

மாந்தர் யாவரும் சமம் என்பதை மறுப்பார் நம்முள் எவரும் இலர். கணியன் பூங்குன்றனாரைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அடிமையாயிருந்த பிலால் (ரலி) அவர்கள் தொழுகைக்கு அழைக்கும் குரலாக உயர்த்தப்பட்டதை மேடைதோறும் உரைக்கிறோம். உரைப்பது எளிது. நமக்குக் கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டவரை நம்மோடொப்ப எண்ணுவதே அரிது.

இலங்கை மலையகத் தமிழருள் மிகப் பலரை 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேரைச் சரிபாதியாகப் பிரிக்க 1974இல் மற்றோர் உடன்பாடு வேண்டியிருந்தது. ஏழுக்கு நான்கு என்ற அந்த விகிதம் சரக்குக் கணக்கை ஒத்தது. மனிதரைப் பற்றியதென்று எவரும் சொல்லார். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து வந்தோருள் பலருக்கு நீலகிரியில் வேலை தந்தது 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம். பின்னர் அதுவே டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கூடலூர், பந்தலூர் மலைச்சரிவுகளின் பசுமையில் அவர்தம் வியர்வை உண்டு. அங்கே 'இந்தியாக்காரன்' என்று ஒதுக்கப்பட்டவரை, இங்கே நாம் 'சிலோன்காரன்' என்றழைத்தோம். அரசு ஏடோ அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்று குறித்தது!

கதை இத்துடன் முடியவில்லை. அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே அம்மலையில் வாழ்ந்தவர் பணியர். வயநாட்டு வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் பணியரை ஓராண்டு ஊழியத்துக்கு விலைபேசிப் பிடிக்கும் வழக்கம் ஒருகாலத்தில் இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது. 'சிலோன்காரன்' என்ற சொல்லால் புண்பட்டவரே, நரைத்த தலையுடைய பணியரை 'டேய்' என விளிப்பதைக் கேட்டிருக்கிறோம். அவரை மட்டும் குறைகூற நாம் யார்? நம்மவர் கடைத் தராசின் முன்னும் அதே விளிதான். அங்கே பேரனுடைய வயதினன் பாட்டனை ஒருமையில் ஏவுகிறான்.

தமிழ்த் துறையார் என்ற முறையில் இது நமக்கு நேரடியாக உரிய செய்தி. நீ, நீர், நீங்கள் என மதிப்பைப் படிப்படியாக அளந்து வைத்துள்ள மொழி நம்முடையது. 'அவர்' என்னும் மதிப்புப் பன்மையை வகுப்பில் கற்பிக்கிறோம். அது யாருக்கு உரியது, யாருக்கு இல்லை என்பதைத் தெரு கற்பித்துவிடுகிறது. நாடுகாணிச் சந்திப்பில் ஒருநாள், நம்முடன் வந்த மாணவர் ஒருவர் பேருந்தில் தம் இருக்கையைக் காட்டி, "ஐயா, உட்காருங்கள்" என்றார். அப்பணிய முதியவர் பின்னால் திரும்பி, யாரை அழைக்கிறார்கள் என்று பார்த்தார். தம்மைத்தான் என்று உணர்ந்த பின்னும் அவர் அமரவில்லை.

மரியாதைச் சொல் வயிற்றை நிரப்புமா என்று சான்றோர் சிலர் வினவலாம். நிரப்பாது, நிலமும் கூலியும் பள்ளியுமே முதன்மையானவை. ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, நிலக் கோரிக்கை முதலில் கிராம சபையில்தான் எடுத்துரைக்கப்பட வேண்டும். அச்சபையில் 'நீ சும்மா இரு' என்று அடக்கப்படுபவரின் கோரிக்கை எந்த ஏட்டில் ஏறும்? பணியர் பாடிகளுக்குக் கணக்கெடுக்கச் செல்லும் நம் மாணவர்களேனும், ஒவ்வொருவரிடமும் அவரவர் பெயரைக் கேட்டு, 'அவர்கள்' என்ற விகுதியுடன் எழுதி வருவார்களாக. மூத்தவர் ஒருவர் பெயரை எழுதி, 'மற்றும் பத்துப் பேர்' என்று முடிக்க வேண்டா.